இடுப்பு எலும்பு முறிவுக்குப் பிறகு மறுபடி விழாமலிருக்க: வீட்டிலேயே செய்யும் பயிற்சிகள்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத் தார்சாவுக்கும் அடுக்களைக்கும் நடமாடத் தொடங்கியிருப்பார்கள். "ஆச்சி இப்ப நல்லா நடக்காவ, இனி எக்சர்சைஸ் எதுக்கு?" என்று வீட்டில் எல்லாரும் பயிற்சியை விட்டுவிடுவது அப்போதுதான். விடக்கூடாத நேரமும் அதுதான்.

நடப்பது நல்லது. ஆனால் நடை மட்டும் விழாமல் காப்பாற்றாது. நிலைப்படியில் கால் இடறும்போது உடம்பைப் பிடித்து நிறுத்துவது இடுப்பின் பக்கவாட்டுத் தசை, தொடையின் முன்பக்கத் தசை, கணுக்கால் ஆகிய மூன்றும்தான். முறிவுக்குப் பிறகு இவை மூன்றும் இளைத்துப்போகின்றன. சமதரையில் மெல்ல நடக்கும்போது இவற்றுக்கு அதிக வேலை இல்லை. அதனால் எத்தனை நடை நடந்தாலும் இவை பழைய பலத்துக்குத் திரும்பாது. தனியாகப் பலப்படுத்த வேண்டும். கெட்டியான பிடிமானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, உடம்பைக் கொஞ்சம் தள்ளாட வைத்துச் சமநிலையைப் பழக்கவும் வேண்டும்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் இதற்கென்றே ஒரு வீட்டுப் பயிற்சித் திட்டம் உருவானது. கால் பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சிகள் வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் 30 நிமிடம். அதோடு வாரம் 2 நாள் நடை. இதைச் செய்த முதியவர்கள் விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் பலன் இருந்தது. கீழே வருபவை அதே வகைப் பயிற்சிகள், நம் ஊர் வீடுகளுக்கு ஏற்றபடி.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள்.

முதலாவது, என்ன ஆபரேஷன்? கம்பியோ பிளேட்டோ வைத்து எலும்பைச் சேர்த்திருக்கிறார்களா, இடுப்பு மூட்டின் பந்தையே மாற்றியிருக்கிறார்களா? பந்து மாற்றியவர்களுக்குப் பல மருத்துவர்கள் சில வாரங்களுக்குக் கட்டுப்பாடு சொல்வார்கள்: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, அந்தக் காலை உள்பக்கமாகத் திருப்பக்கூடாது. மீறினால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவலாம். தரையில் உட்காருவது, குத்தவைப்பது, குனிந்து கோலம் போடுவது எல்லாமே இந்தக் கட்டுப்பாட்டுக்குள் அடங்கும். எத்தனை வாரம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, அடிபட்ட காலில் எவ்வளவு பாரம் போடலாம்? "முழுசா ஊனலாம்", "பாதி ஊனலாம்", "விரல் மட்டும் தரையைத் தொடலாம்" என்று மூன்று வகைப் பதில் வரும். முழுப் பாரம் போட அனுமதி இல்லாதவர்கள் நின்று செய்யும் பயிற்சிகளைத் தொடங்கக் கூடாது. படுக்கையிலும் நாற்காலியிலும் செய்பவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, எலும்புக்கு என்ன மருந்து? சறுக்கி விழுந்த அளவிலேயே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது என்று பொருள். முறிவைச் சரிசெய்தாயிற்று, தேய்மானம் அப்படியே இருக்கிறது. கால்சியம், வைட்டமின் டி போக எலும்பை உறுதியாக்கும் மாத்திரையோ ஊசியோ தேவையா என்று நீங்களாகவே கேளுங்கள். பல வீடுகளில் இந்தக் கேள்வி விட்டுப்போகிறது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்து பார்ப்பது நல்லது. தனியாரிடம் செலவு செய்ய முடியாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். 2021இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு.

இடமும் நாற்காலியும்

பயிற்சிக்குப் பெரிய இடம் தேவையில்லை. அசையாத பிடிமானம் ஒன்றும் கனமான நாற்காலி ஒன்றும் போதும். சுவரில் பதித்த ஜன்னல் கம்பி நல்ல பிடிமானம். பழைய வீடுகளில் அது இடுப்புயரத்திலேயே தொடங்கும். அடுக்களை மேடையும் சரிதான், பாத்திரம் கழுவும் அங்கணத்துப் பக்கம் ஈரம் இல்லை என்றால். பீரோ, சைக்கிள், கதவு, துண்டு போடும் கம்பி, தையல் மெஷின் எதையும் பிடிக்க வேண்டாம். இவை நகரும் அல்லது பிடுங்கிக்கொண்டு வரும்.

நாற்காலியின் உயரம் அவரவர் முழங்கால் மடிப்பின் உயரத்துக்குக் குறையக்கூடாது. பலருக்கு 18 முதல் 20 அங்குலம் சரியாக இருக்கும். கைப்பிடி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் பின்னால் வழுக்கும். எழும்போது அது நகர்ந்துவிட்டால் அடுத்து விழுவது தரையில்தான். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்தப் பயமில்லை. உயரம் போதவில்லை என்றால் இருக்கையில் கெட்டியான பஞ்சுத் திண்டு வைத்துக் கட்டுங்கள். அமுங்கும் மெத்தை வேண்டாம்.

வெறுங்காலோடு செய்யலாம், பாதத்தில் மரப்பு இல்லாவிட்டால். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் பின்வார் உள்ள எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு போட்டுச் செய்ய வேண்டும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸில் நிற்கவே கூடாது. சேலையின் கீழ்விளிம்பைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகுங்கள். ஆண்கள் வேட்டி, சாரத்தை (லுங்கி) மடித்துக் கட்டிக்கொள்ளலாம். அரைக்கால் சட்டை இன்னும் நல்லது.

நேரம் காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள், ஏதாவது சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் பகல் 11 மணிக்கு மேல் வேண்டாம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. நடுவில் கை நடுங்கி வியர்த்தால் உடனே உட்கார வைத்து, 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

முதல் சில வாரம்: படுக்கையில்

இவை எளியவை. ஒவ்வொன்றும் 10 தடவை, ஒரு நாளில் மூன்று நான்கு வேளை. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது: காலில் ரத்தம் உறையாமல் காக்கும். முழங்காலைப் படுக்கையோடு அழுத்தித் தொடைத் தசையை இறுக்கி 5 நொடி பிடிப்பது. பிட்டத்தை இறுக்கி 5 நொடி பிடிப்பது. குதிகாலைப் படுக்கையில் இழுத்தபடியே முழங்காலை மடக்கி நீட்டுவது. நாற்காலியில் உட்கார்ந்ததும் முழங்காலை நேராக நீட்டி 5 நொடி பிடித்து மெல்ல இறக்குவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டில் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பத்தமடைப் பாயில் படுத்துப் பழகியவர்கள் வீட்டுக்கு வந்ததும் பாயையே கேட்பார்கள். தரையிலிருந்து எழுவது இந்தக் கட்டத்தில் மிகக் கஷ்டமான, ஆபத்தான அசைவு. அதுபோக, வழுவழுப்பான தரையில் பாயின் ஓரத்தை மிதித்தால் பாயோடு சேர்ந்து காலும் வழுக்கும்.

எழுந்து உட்காருவது: முதன்மையான பயிற்சி

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கழிவறைக்குப் போவது, சாப்பிட எழுவது, பஸ் சீட்டிலிருந்து எழுவது எல்லாம் இதே அசைவுதான்.

நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காரவும். இரண்டு பாதமும் இடுப்பகலத்துக்கு விலகி, குதிகால்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். இரண்டு கையும் நாற்காலிக் கைப்பிடியில். மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வரும்வரை உடம்பை முன்னால் கொண்டுவந்து, கையால் அழுத்தி எழவும். நிமிர்ந்து நின்று மூன்று எண்ணவும். பிறகு பின்தொடை நாற்காலியில் படுவதை உணர்ந்து, கையைப் பின்னால் நீட்டிக் கைப்பிடியைப் பிடித்து, நான்கு எண்ணும் நேரத்துக்கு மெல்ல இறங்கவும். தொப்பென்று விழக்கூடாது. இறங்கும்போது தசை படும் பாடுதான் பலத்தைக் கொடுக்கிறது.

90 டிகிரிக் கட்டுப்பாடு உள்ளவர்கள் உயரமான நாற்காலியில், அடிபட்ட காலைச் சற்று முன்னால் நீட்டி, உடம்பை அதிகம் குனியாமல் கைபலத்தில் எழ வேண்டும். கட்டுப்பாடு முடிந்த பிறகும் அதே பழக்கம் தொடர்ந்தால்தான் சிக்கல். அடிபட்ட கால் சும்மாவே இருக்கும், நல்ல கால் மட்டும் உழைக்கும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் ஒரு கால் இளைத்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் சோதித்துப் பாருங்கள். முழுப் பாரத்துக்கு அனுமதி உள்ளவர், ஜன்னல் கம்பியைப் பிடித்து, அடிபட்ட காலை மெஷின் மேலும் நல்ல காலை அதே உயரப் பலகை மேலும் வைத்து நேராக நிற்கட்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு முள் 30க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 20இல் நின்றால் பாரத்தைத் தட்டிக்கழிக்கிறார் என்று அர்த்தம். கண்ணால் முள்ளைப் பார்த்தபடி பாரத்தை மாற்றிப் பழகினால் சில நாளில் உடம்புக்கே அது பிடிபட்டுவிடும்.

5 தடவையில் தொடங்குங்கள். 10 தடவை சிரமமில்லாமல் வந்ததும் இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து இன்னொரு 10. அதுவும் எளிதானால் ஒரு கையால் மட்டும் அழுத்தி எழலாம், பிறகு கை படாமல், அதன்பிறகு திண்டை எடுத்துவிட்டு.

நின்று செய்பவை

ஜன்னலைப் பார்த்து நின்று, கம்பியை இரண்டு கையாலும் பிடிக்கவும். கம்பியில் தொங்கக் கூடாது. கை லேசாகப் பிடித்திருந்தால் போதும்.

பக்கவாட்டில் கால் தூக்குவது எல்லாவற்றையும்விட முக்கியம், தவறாகச் செய்யப்படுவதும் அதுதான். இடுப்பின் வெளிப்பக்கத் தசை பலவீனமாக இருந்தால் அடிபட்ட காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு கீழே இறங்கும். அதைச் சமாளிக்க உடம்பு அடிபட்ட பக்கம் சாயும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு பக்கவாட்டில் ஆடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். பக்கவாட்டில் சாய்ந்து விழுபவருக்கு அடி நேராக இடுப்பெலும்பில் படுகிறது.

நேராக நின்று, பாதம் முன்னால் பார்த்திருக்க, காலைப் பக்கவாட்டில் ஒரு சாண் அளவுக்குத் தூக்கி, இரண்டு எண்ணி, மெல்ல இறக்கவும். உயரம் முக்கியமில்லை. அதிகம் தூக்க வேண்டுமென்று உடம்பை மறுபக்கம் சாய்த்தால் வேலை முதுகுக்குப் போய்விடும். பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பித் தூக்கினால் முன்தொடைத் தசை வேலையைப் பறித்துக்கொள்ளும். பின்னால் நின்று பார்க்கும் ஒருவர் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கவனித்துச் சொல்லட்டும். இரண்டு காலுக்கும் 8 முதல் 10 தடவை. நல்ல காலைத் தூக்கும்போது அடிபட்ட கால் தனியே பாரம் தாங்குகிறது, ஆகவே அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, முழங்காலைப் பின்னால் மடக்கிக் குதிகாலைத் தூக்குவது. காலை நேராக வைத்து, உடம்பு முன்னால் குனியாமல், சற்றுப் பின்னால் நீட்டுவது. இரண்டு குதிகாலையும் தூக்கி நுனிக்காலில் நிற்பது, பிறகு விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது. கடைசியாகச் சொன்னதற்குத் தனி மதிப்பு உண்டு. விரலைத் தூக்கும் தசை சோர்ந்தால் கால்நுனி தரையை உரசும். அரை அங்குலம் உயர்ந்த டைல்ஸ் ஓரத்தில்கூடக் கால் தட்டுவது அதனால்தான். ஒவ்வொன்றும் 10 தடவை.

பிறகு அரைக் குந்தல்: கம்பியைப் பிடித்து, நாற்காலியில் உட்காரப் போவது போல முழங்காலைச் சற்று மடக்கி, குதிகால் தரையை விட்டு எழும்பும் முன் நிமிர்வது. 8 தடவை.

எல்லாம் சுலபமாகிவிட்டால், எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொன்ன பிறகு, கணுக்காலில் எடை கட்டலாம். கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. தடித்த துணியில் முக்கால் அடி நீளத்தில் நான்கு விரல் அகலப் பை தைத்து, உலர்ந்த மணல் அரை கிலோ போட்டு வாயைத் தைக்கவும். நடுவில் குறுக்கே இரண்டு தையல் போட்டால் மணல் ஒரே பக்கம் ஒதுங்காது. இரு முனையிலும் நாடா. கணுக்காலுக்கு மேலே, சேலைக்கோ சாரத்துக்கோ உள்ளே, அதிகம் இறுக்காமல் கட்டவும். புண்ணோ வீக்கமோ மரப்போ உள்ள காலில் கட்ட வேண்டாம். கட்டிக்கொண்டு நடக்கவும் வேண்டாம். அரை கிலோவில் 10 தடவை வீதம் இரண்டு சுற்று தொய்வில்லாமல் வந்தால் ஒரு கிலோ.

பலப்படுத்தும் பயிற்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். தசை வளர்வது ஓய்வு நாளில். தினமும் செய்து களைத்துப்போனவர்களுக்கு விழும் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

சமநிலை: கொஞ்சம் தள்ளாட வேண்டும்

பெரும்பாலானவர்கள் பயந்து இதை விட்டுவிடுகிறார்கள். கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உடம்பு துளியும் ஆடாமல் நின்றால் சமநிலை வளராது. மூளைக்குத் தள்ளாட்டத்தைச் சரிசெய்யும் வேலையைக் கொடுத்தால்தான் அது கற்றுக்கொள்ளும். அதே நேரம் விழவும் கூடாது. அதற்கு ஒரு எளிய ஏற்பாடு: சுவர் மூலையில் முதுகு காட்டி நின்று, முன்னால் கனமான நாற்காலியின் முதுகுப்பக்கம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுவர், முன்னால் சாய்ந்தால் நாற்காலி.

நிற்கும் முறை நான்கு. பாதங்களை ஒட்டி வைத்து நிற்பது. ஒரு பாதத்தின் பெருவிரல் மறுபாதத்தின் உள்வளைவில் படும்படி நிற்பது. ஒரு குதிகாலுக்கு நேர்பின்னால் மறுபாதத்தின் விரல் படும்படி ஒரே கோட்டில் நிற்பது. ஒற்றைக் காலில் நிற்பது. ஒவ்வொன்றிலும் 10 நொடி. முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், கடைசியில் கை நாற்காலிக்கு மேலே ஓரங்குல இடைவெளியில். ஒரு நிலையில் கை படாமல் 10 நொடி நிற்க முடிந்த பிறகே அடுத்தது. கண்ணை மூடிச் செய்வதை பிசியோதெரபிஸ்ட் அருகில் இல்லாமல் செய்ய வேண்டாம்.

ஒரே கோட்டில் 10 நொடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் ஆபத்து அதிகம். இது மருத்துவமனைகளிலும் பயன்படும் அளவுகோல்.

நின்று பழகிய பிறகு அசைந்து பழக வேண்டும். அடுக்களை மேடையை ஒட்டிப் பக்கவாட்டில் 10 அடி வலப்புறம், 10 அடி இடப்புறம் நடப்பது. மேடையில் ஒரு கை வைத்துப் பின்னால் 4 அடி எடுத்துவைப்பது. தரையில் இரண்டு சொம்பை நான்கு அடி இடைவெளியில் வைத்து எட்டு வடிவில் சுற்றி வருவது. திரும்பும்போதுதான் பலர் விழுகிறார்கள். ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றிச் சட்டென்று திருகாமல், சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்பப் பழகுங்கள். பந்து மாற்றியவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

படி

தார்சாவுக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டு படியாவது இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். கைத்தடி எப்போதும் அடிபட்ட காலோடு சேர்ந்து போகும். பயிற்சிக்குக் கீழ்க்கடைசிப் படி ஒன்றே போதும். ஒரு கை சுவரிலோ கம்பியிலோ இருக்க, ஏறி இறங்குவது 5 தடவை. பலம் வந்த பிறகு அடிபட்ட காலை முதலில் வைத்து ஏறிப் பழகலாம். அனுமதி கேட்டு, ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும்.

படியில் பாசி பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வாசல் தெளித்த ஈரம் காயும்வரை அந்தப் பக்கம் போக விடாதீர்கள்.

வாக்கரும் தடியும்

கை தளரத் தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் கைப்பிடியின் உயரம். அதைவிடத் தாழ்ந்தால் கூன்விழும், உயர்ந்தால் தோள் வலிக்கும், பாரமும் தாங்காது. தடியைப் பிடிக்க வேண்டியது நல்ல காலின் பக்கத்துக் கையில். அடிபட்ட பக்கமே பிடிப்பவர்கள் ஏராளம். அப்படிப் பிடித்தால் உடம்பு அதே பக்கம் சாயும். நுனியிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள்.

வாக்கரை விடுவதற்கு நாள் குறிக்க வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுந்து 10 அடி தூரம் (3 மீட்டர்) நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இன்னும் இருக்கிறது. அவர் வழக்கமாக நடக்கும் வேகத்திலேயே நடக்க வேண்டும், ஓட்டப் பந்தயம் வேண்டாம். தேதிக் காலண்டரில் நொடியைக் குறித்து வைத்தால் முன்னேற்றம் அவருக்கே தெரியும். ஆர்வம் குறையும் மூன்றாவது, நான்காவது மாதத்தில் அந்த எண்கள்தான் பயிற்சிக்கு எழுப்பும்.

கூட நிற்பவருக்கு

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். விழும்போது கையை இழுத்தால் தோள் நழுவும், விழுவது நிற்காது. அடிபட்ட பக்கம், அரை அடி பின்னால் நில்லுங்கள். ஒரு துண்டை மடித்து அவர் இடுப்பில் உருவாத முடிச்சாகக் கட்டி, பின்பக்கம் அதைப் பிடித்துக்கொள்ளலாம். முன்னால் நின்றுகொண்டு "வாங்க, வாங்க" என்று கை நீட்டினால் அவர் அந்தக் கையை எட்டிப் பிடிக்கப் பார்த்து நிலைதடுமாறுவார். பயிற்சி நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், டிவியை அணைத்துவிடுங்கள்.

"கீழ பாத்து நட" என்று ஓயாமல் சொல்வதையும் நிறுத்துங்கள். பாதத்தையே பார்த்து நடப்பவருக்குக் கழுத்து குனிந்து, உடம்பு முன்னால் சாய்ந்து, அடி குறுகும். ஏழெட்டு அடி தூரத்தில் பார்வை இருக்கட்டும்.

வலி எவ்வளவு வரை பொறுக்கலாம்? பயிற்சியின்போது லேசான இழுப்பும், மறுநாள் தொடையில் கனமும் இயல்பு. மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட இடுப்பு அதிகம் வலித்தாலோ, நடை நொண்டினாலோ, எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், நெஞ்சு அடைத்தால், மூச்சு வாங்கினால், தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தால், கவட்டையில் திடீரென்று குத்தும் வலி வந்து கால் ஊன்ற முடியாமல் போனால், பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவமனை.

பயிற்சிக்கு வெளியே

படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றி விழுபவருக்குத் தொடைப் பலம் உதவாது. படுத்திருக்கும்போது பிரஷரைப் பாருங்கள், எழுந்து நின்ற 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை, ஆண்களுக்குச் சிறுநீருக்காகக் கொடுக்கும் புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை இவை சேரும்போது இப்படி ஆவதுண்டு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை 10 தடவை அசைத்த பிறகு நிற்கட்டும்.

கழிவறை புறவாசலில் இருந்தால் இரவுக்குக் கட்டில் பக்கத்தில் கமோட் நாற்காலி வையுங்கள். போகும் வழியில் இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு, கரண்ட் போனாலும் எரியும் வகையில். குளியலறையில் பிடிமானக் கம்பி சுவரில் திருகி இறுக்கியதாக இருக்க வேண்டும். உட்கார்ந்து குளிக்கட்டும். எண்ணெய்க் குளியல் அன்று தரையையும் பாதத்தையும் சீயக்காய் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே எழுப்புங்கள்.

சாப்பாடு குறைவாக இருந்தால் பயிற்சியால் தசை வளராது. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராமுக்கு அருகில். சைவர்கள் உளுந்தம்பருப்புச் சோறு, பயறு, தயிர், சுண்டல் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். கஞ்சியும் ரசஞ்சோறும் மட்டும் கொடுத்தால் இந்த அளவு எட்டாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவுசெய்ய வேண்டும்.

மறுபடி விழுந்துவிட்டால்

உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். இடுப்பிலோ கவட்டையிலோ கடும் வலி, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, காலை அசைக்க முடியாதது, தலையில் அடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிடந்த இடத்திலேயே தலையணை கொடுத்துப் போர்த்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். உருவிவிடவோ கட்டுப் போடவோ யாரையும் அழைக்க வேண்டாம். சாப்பாடும் கொடுக்க வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம்.

வலி இல்லையென்றால் இரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு, நல்ல பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, கைகளிலும் முழங்கால்களிலும் வந்து, நாற்காலி வரை தவழட்டும். நாற்காலியில் இரண்டு கையும் ஊன்றி, நல்ல காலின் பாதத்தை முன்னால் வைத்து எழும்பி, திரும்பி உட்காரட்டும். நாற்காலியை நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். பந்து மாற்றியவர்கள் இந்த முறையைத் தங்கள் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்ட பிறகே பழக வேண்டும்.

எவ்வளவு காலம்

குறைந்தது ஆறு மாதம் வாரம் 3 நாள் விடாமல். அதன்பின் நிறுத்தினால் கிடைத்த பலம் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும்; எனவே எழுந்து உட்காருவது, பக்கவாட்டில் கால் தூக்குவது, ஒரே கோட்டில் நிற்பது இந்த மூன்றையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குப் போக ஆசைப்படுவார்கள். நெல்லையப்பர் கோயில் போன்ற பெரிய கோயில்களில் நிலைப்படிகள் உயரம், தரை கருங்கல், கால் வெறுங்கால். வீட்டுப் படியில் தடியோடு 5 தடவை ஏறி இறங்க முடிந்த பிறகு, கூட்டமில்லாத ஒரு வார நாள் காலையில், வெயில் ஏறுமுன் கூட்டிப்போங்கள். ஆனித் தேரோட்ட நெரிசல் வேண்டாம். தாமிரபரணிப் படித்துறையில் இறங்குவதற்கு இன்னும் பொறுக்க வேண்டும். நீருக்குள் இருக்கும் படியின் ஓரம் கண்ணுக்குத் தெரியாது, பாசி வேறு. குறுக்குத்துறையானாலும் பாபநாசமானாலும் மேல்படியில் உட்கார வைத்துச் சொம்பில் மொண்டு ஊற்றுங்கள்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து ஒரு வாரம் பயிற்சி விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். எண்ணிக்கையைப் பாதியாக்கி, எடைப் பையைக் கழற்றி வைத்து, இரண்டு கையாலும் பிடித்து ஆரம்பியுங்கள். பழைய அளவுக்கு வர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.